மொரீஷியஸ்: எல்லோரும் கப்பலில் வந்து இறங்கிய நாடு

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் மூன்று எழுத்துகள் இருக்கும். முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ், மூன்றாவதாக இந்தி. 1998இல் புது நோட்டுகள் வந்தபோது இந்த வரிசை மாறி, இந்திக்குக் கீழே தமிழ் போய்விட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள். அந்த நாட்டில் தமிழ் வம்சாவளியினர் சிறுபான்மைதான். வட இந்தியாவிலிருந்து போனவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களைப்போலப் பல மடங்கு. ஆனாலும் தமிழர்கள் தரப்பு நியாயம் தலைக்கணக்கில் இல்லை. “நாங்கள் முந்தி வந்தவர்கள்” என்பதுதான் அவர்கள் வாதம்.

யார் எப்போது வந்தார்கள் என்பது ஒரு நாட்டின் மக்கள்தொகையில் எப்படி உறைந்துபோகிறது என்று படிக்க மொரீஷியஸைப் போல வசதியான இடம் குறைவு. மடகாஸ்கருக்குக் கிழக்கே, நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரிய தீவு அது. 1638க்கு முன் அங்கே நிலையாகக் குடியிருந்தவர் யாரும் இல்லை. பூர்வகுடிகள் என்று ஒரு பிரிவே கிடையாது. இன்று அங்கே வாழும் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் பேரில் ஒவ்வொருவருடைய முன்னோரும் ஏதோ ஒரு கப்பலில் வந்தவர்கள்தாம்.

குடியேற்ற அலை என்றதும் எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது முக்கியம்தான், ஆனால் போதாது. வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர்? எத்தனை பேர் திரும்பிப் போகாமல் தங்கினார்கள்? நிலம் யார் கையில் இருந்தது? அவர்களைச் சட்டம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டது? இந்தக் கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் ஓர் அலை ஏன் தடம் பதித்தது, இன்னொன்று ஏன் நுரையாகக் கரைந்தது என்று புரியும்.

கரைந்துபோன அலைக்கு டச்சுக்காரர்களே எடுத்துக்காட்டு. 1598இல் வந்து இறங்கி, தங்கள் இளவரசர் மாரிஸ் நினைவாகத் தீவுக்குப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். 1638இல் குடியேறினார்கள், 1658இல் விட்டுப்போனார்கள், 1664இல் மறுபடி வந்தார்கள், 1710இல் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டார்கள். எந்தக் காலத்திலும் சில நூறு பேருக்கு மேல் அவர்கள் இருந்ததில்லை. புயலும் எலியும் பயிரைத் தின்றன. மடகாஸ்கரிலிருந்து கொண்டுவந்த அடிமைகள் காட்டுக்குள் ஓடி மறைந்தார்கள். டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கரும்பையும் மானையும் கொண்டுவந்தார்கள். டோடோ பறவை அவர்கள் காலத்தில் அழிந்தது. தீவின் காட்டையும் வயலையும் மாற்றிவிட்டார்கள், ஆனால் இன்றைய மக்கள்தொகையில் அவர்கள் பங்கு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. விட்டுச் சென்ற கரும்புதான் பிற்பாடு எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்தது.

அடித்தளம் போட்டவர்கள்

1715இல் பிரெஞ்சுக்காரர்கள் தீவைத் தங்களுடையது என்று அறிவித்து ‘ஈல் தெ பிரான்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். 1721 முதல் குடியேற்றம் தொடங்கியது. 1735இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொனே, போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாகக் கட்டி எழுப்பினார். கட்டட வேலைக்கு ஆள் வேண்டுமே. பிரெஞ்சுக் கம்பெனியின் கையில் புதுச்சேரி இருந்தது. கொத்தனார், தச்சர், கப்பல் வேலைக்காரர் என்று தமிழ்க் கைவினைஞர்கள் அங்கிருந்து போனார்கள். ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கதை இது. போர்ட் லூயிஸின் கிழக்குப் புறநகரை ‘மலபார்களின் முகாம்’ என்று அழைத்தார்கள். தென்னிந்தியர்களை அக்காலப் பிரெஞ்சுக்காரர்கள் ‘மலபார்’ என்றே குறித்தார்கள். ரூபாய் நோட்டு வாதத்தின் வேர் இங்கே இருக்கிறது.

ஆனால் அந்த அலையின் பெரும்பகுதி அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும், மொசாம்பிக் உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் பேரை இந்தியாவிலிருந்தும் கொண்டுபோய் அடிமைகளாக விற்றார்கள். 1797 கணக்கின்படி தீவில் ஏறத்தாழ 59,000 பேர். அதில் வெள்ளையர் சுமார் 6,200, சுதந்திரமான கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் 3,700, மீதி 49,000 பேர் அடிமைகள். ஆறு பேரில் ஐந்து பேருக்குத் தங்கள் உடலே சொந்தமில்லை.

பல மொழி பேசிய அந்த ஐம்பதாயிரம் பேர் ஒருவரோடு ஒருவரும் எஜமானரோடும் பேசியாக வேண்டிய நிலையில், பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு ஒரு மொழி உருவானது. அதுதான் மொரீஷியக் கிரியோல். பின்னால் வந்த எந்த அலையும் அதை அசைக்க முடியவில்லை. முதலில் வேரூன்றிய சமூகத்தின் பேச்சும் பழக்கமும்தான் பின்னால் வருபவர்களுக்கு வாசல் ஆகிறது. புதிதாக வந்தவர் கடைக்குப் போகவும் வேலை கேட்கவும் அதைக் கற்றே தீர வேண்டும். 2011 கணக்கெடுப்பில் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வீட்டில் பேசுவது கிரியோல்தான் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர்.

கிரியோலுக்குள் தமிழும் போய் உட்கார்ந்திருக்கிறது, முக்கியமாக அடுப்படியில். முருங்கைக்கீரைக்கு அங்கே ‘பிரேட் மூரும்’ என்று பெயர். கறிவேப்பிலை ‘கரிபுலே’. பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’. ரசம் ‘ரசோன்’. அந்த அடிமைகளின் வழிவந்த கிரியோல் சமூகத்தைச் சேர்ந்த, தமிழே தெரியாத ஒரு பெண்மணி சந்தையில் ‘பிப்பங்காய்’ என்று கேட்டு வாங்கும்போது, இரண்டு மூன்று நூற்றாண்டுக் குடியேற்ற வரலாறு அவர் வாயில் இருக்கிறது.

ஆட்சி மாறியது, ஆட்கள் மாறவில்லை

1810 டிசம்பர் 3ஆம் தேதி தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. சரணாகதி உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை: குடிமக்கள் தங்கள் சட்டம், மதம், வழக்கங்களை வைத்துக்கொள்ளலாம். வந்த ஆங்கிலேயர்கள் அதிகாரிகளும் படைவீரர்களும்தாம். குடியேறி நிலம் உழ யாரும் பெரிதாக வரவில்லை. தோட்டங்கள் பிரெஞ்சுக் குடும்பங்களிடமே இருந்தன. அதனால்தான் 158 ஆண்டுகள் ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் இன்றும் செய்தித்தாள்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் வருகின்றன, சிவில் சட்டத்தின் அடித்தளம் நெப்போலியன் சட்டத்தொகுப்பாக இருக்கிறது. ஆள்பவரையும் குடியேறுபவரையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது இந்தப் பாடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை.

ஆங்கிலேயர் செய்த பெரிய மாற்றம் சுங்க வரியில். 1825இல் மொரீஷியஸ் சர்க்கரைக்கு மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரைக்கு நிகரான வரி என்று ஆனதும், தீவு முழுக்கக் கரும்பாக மாறியது. பத்தே ஆண்டில், 1835 பிப்ரவரி 1 அன்று, அடிமை முறை ஒழிந்தது. ஏறத்தாழ 66,000 பேர் விடுதலை பெற்றார்கள். இழப்பீடாக இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள், ஆனால் அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. விடுதலையானவர்கள் ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் இன்னும் நான்கு ஆண்டு கட்டாய வேலை செய்ய வேண்டியிருந்தது. அது முடிந்த அன்றே பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். கடற்கரையில் மீன் பிடித்தார்கள், நகரத்தில் தொழில் பார்த்தார்கள். நிலமும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை. இன்று கிரியோல் சமூகத்தின் வறுமையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இடத்திலிருந்து கணக்கைத் தொடங்காவிட்டால் அது நேர்மையான கணக்கு ஆகாது.

இருபத்தேழு ஆண்டுகளில் தலைகீழ்

தோட்டக்காரர்கள் கையில் இழப்பீட்டுப் பணம் இருந்தது, ஆள் இல்லை. 1834 நவம்பர் 2 அன்று கல்கத்தாவிலிருந்து ‘அட்லஸ்’ என்ற கப்பலில் 36 தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். அந்த நாள் இன்று தேசிய விடுமுறை. அதிலிருந்து 1910 வரை சுமார் நாலரை லட்சம் இந்தியர்கள் வந்தார்கள். பாதிக்கு மேல் கல்கத்தாவில் ஏறியவர்கள், பெரும்பாலும் போஜ்புரி பேசும் பீகார்ப் பகுதியினர். மூன்றில் ஒரு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும். மீதி பம்பாய் வழியாகப் போன மராத்தியர் முதலானோர்.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. மாதம் ஐந்து ரூபாய் கூலி. நாளுக்கு இரண்டு பவுண்டு அரிசி, கொஞ்சம் பருப்பு, உப்பு, எண்ணெய். ஆண்டுக்கு ஒரு வேட்டி, ஒரு கம்பளி என்று படி. காகிதத்தில் பார்த்தால் அடிமை முறை இல்லை. ஆனால் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். ‘இரட்டை வெட்டு’ என்று இதற்குப் பெயர். ஒரு மாதத்தில் எட்டு நாள் காய்ச்சலில் படுத்தவனுக்குப் பதினாறு நாள் கூலி போய்விடும். கொடுமைகள் பற்றிய செய்தி வெளியே வந்ததால் 1838இல் ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். தோட்டக்காரர்களின் நெருக்கடியில் 1842இல் மறுபடி திறந்தார்கள். அடுத்த ஆண்டு மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல் வந்து குவிந்தார்கள். 1849இல் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அமைத்த குடிபுகல் கிடங்கில் பதினாறு கல் படிகள் உண்டு. வந்தவர்கள் அதில் ஏறித்தான் தீவுக்குள் போனார்கள். ‘ஆப்ரவாசி காட்’ என்ற பெயரில் 2006 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம்.

இப்போது பெண்கள் கணக்குக்கு வருவோம். இந்த அலையின் தலையெழுத்தை நிர்ணயித்தது அதுதான். 1846 கணக்கெடுப்பில் தீவில் இருந்த இந்தியர்கள் 56,245. அதில் ஆண்கள் 48,935, பெண்கள் 7,310. ஆறு ஆணுக்கு ஒரு பெண்கூடத் தேறாத இந்த நிலை நீடித்திருந்தால் அது குடியேற்றமாகியிருக்காது. ஆண்கள் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பும் கூலி முகாமாகவே நின்றிருக்கும். 1850களில் இரண்டு விஷயங்கள் மாறின. கப்பலில் குறிப்பிட்ட விகிதத்தில் பெண்கள் இருக்க வேண்டும் என்று அரசு விதித்தது. ஒப்பந்தம் முடிந்தால் இலவசமாக ஊர் திரும்பும் உரிமையையும் பறித்தது. முதலாவது குடும்பத்தைக் கொடுத்தது, இரண்டாவது திரும்பும் வழியை அடைத்தது. 1861இல் இந்தியர்கள் 1,92,634. அதில் பெண்கள் 51,019. தீவின் மொத்த மக்கள்தொகை 3,10,050. முதல் கப்பல் வந்து இருபத்தேழே ஆண்டுகளில் நாட்டின் பெரும்பான்மை மாறிவிட்டது.

அந்த விகிதம் அப்படியே நின்றுவிட்டது என்பது இன்னும் ஆச்சரியம். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்திய வம்சாவளி என்ற 1861 நிலைதான் இன்றைக்கும்.

வந்த நாலரை லட்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் எப்படியோ ஊர் திரும்பினார்கள். ஏராளமானோர் நோயில் இறந்தார்கள். 1866 முதல் 1868 வரை மலேரியா தீவைச் சூறையாடியது. பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். வசதியுள்ளவர்கள் போர்ட் லூயிஸை விட்டுக் குளிர்ந்த மேட்டுநிலத்துக்கு, கூர்ப்பீப் பக்கம், குடிபெயர்ந்தார்கள். ஊர்களின் அமைப்பில் அந்தக் காய்ச்சலின் தடம் இன்றும் தெரிகிறது. ஆக, வந்தவர் எண்ணிக்கையை அப்படியே குடியேறியவர் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால் கணக்கு பெரிதாகத் தப்பிவிடும். வருகையிலிருந்து திரும்பியவரையும் இறந்தவரையும் கழித்து, பிறந்தவரைக் கூட்ட வேண்டும்.

ஒப்பந்தம் முடித்து மறுபடி கையெழுத்துப் போடாதவர்களை ‘பழைய குடிபுகுந்தோர்’ என்று வகைப்படுத்தினார்கள். 1867 சட்டப்படி அவர்கள் எங்கு போனாலும் புகைப்படம் ஒட்டிய சீட்டை வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘திரிபவன்’ என்று சிறை. 1871இல் அதோல்ஃப் தெ பிளேவிட்ஸ் என்ற தோட்டக்காரர் அவர்களுக்காக மனு எழுதினார். 9,401 பேர் கையெழுத்திட்டார்கள். மறு ஆண்டு அரச விசாரணைக் குழு வந்தது.

அதைவிடப் பெரிய மாற்றத்தை நிலம் கொண்டுவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சர்க்கரை விலை சரிந்ததும், தோட்டக்காரர்கள் விளைச்சல் குறைந்த நிலங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். ‘மோர்செல்மோன்’ என்று அதற்குப் பெயர், கூறுபோடுதல் என்று பொருள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் இந்தியக் குடும்பங்கள் ஒரு காணி, அரைக் காணி என்று வாங்கிக் கரும்பு போட்டார்கள். தோட்ட லயத்திலிருந்து சொந்த ஊருக்கு வந்தார்கள். கோயில் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். கிரியோல் மக்களுக்கு 1839இல் கிடைக்காத அந்தப் படி, இவர்களுக்கு 1880க்குப் பிறகு கிடைத்தது. இரண்டு சமூகங்களின் இன்றைய இடைவெளியில் உழைப்பைவிட இந்தக் காலப்பொருத்தம் அதிகம் பேசுகிறது.

கூடவே சிறிய அலைகளும் வந்தன. குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் தங்கள் செலவில் வந்தார்கள். தென்சீனத்திலிருந்து, பெரும்பாலும் ஹக்கா மக்கள், வந்து கிராமத்துக்கு ஒரு மளிகைக்கடை வைத்தார்கள். சீனர் நூற்றுக்கு மூன்று பேர்தான், ஆனால் கடை இல்லாமல் எந்தத் தோட்டமும் இல்லை. 25 ரூபாய் நோட்டில் சீன வம்சாவளி மொய்லின் ஜான் ஆ-ச்சுவன், 50இல் பிரெஞ்சு வம்சாவளி மாரிஸ் பாத்துரோ, 100இல் தமிழ் வம்சாவளி ரங்கநாதன் சீனிவாசன், 200இல் அப்துல் ரசாக் முகமது, 1000இல் கிரியோல் தலைவர் கய்தான் துவால் என்று படங்கள் இருக்கின்றன. வந்து சேர்ந்தவர்களின் வரிசையையே பணப்பையில் வைத்திருக்கிறது இந்த நாடு.

1944இல் 4.2 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1962இல் 6.8 லட்சம் ஆனது. இதற்கு எந்தக் கப்பலும் காரணமில்லை, டி.டி.டி. தெளித்து மலேரியாவை ஒழித்ததும் பிள்ளைகள் பிழைத்தார்கள், அவ்வளவுதான்.

பெயர்ப் பலகைகள் எப்படி ஏமாற்றும்

1968 மார்ச் 12 அன்று விடுதலை. அரசியலமைப்பு மக்களை நான்காகப் பிரித்தது: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், வாழ்க்கை முறையை வைத்துப் பார்க்கையில் இந்த மூன்றிலும் சேராத எவரும் ‘பொது மக்கள்தொகை’. அந்த நான்காவது பெட்டியில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளியின் பேரனும், அவர் தாத்தா அடிமையாக வைத்திருந்தவரின் பேரனும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் மூன்றிலோ ஒன்று நாட்டை வைத்து, இரண்டு மதத்தை வைத்து. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கிறிஸ்தவரான புதுச்சேரித் தமிழரின் வாரிசு பெரும்பாலும் நான்காவது பெட்டிக்குள் போய்விடுவார். தமிழ் இந்துக்கள் முதல் பெட்டியில். மதம் பற்றிய கேள்விக்குச் சிலர் ‘தமிழ்’ என்றே எழுதுவதும் உண்டு.

ஆக, கணக்கெடுப்புப் பிரிவை வம்சாவளி என்று படிக்கக் கூடாது. அது ஒரு காலத்து அரசியல் பேரத்தின் பதிவு. 1972க்குப் பிறகு கணக்கெடுப்பில் இந்த இனப் பிரிவுக் கேள்வியே கேட்பதில்லை. ஆனாலும் தேர்தலில் தோற்றவர்களில் எட்டுப் பேரைச் சமூக விகிதம் பார்த்து நாடாளுமன்றத்துக்கு எடுக்கும் ‘சிறந்த தோல்வியாளர்’ முறை, 1972 எண்ணிக்கையை வைத்தே நடந்துவந்திருக்கிறது. வந்து இறங்கியவர்களின் கொள்ளுப்பேரன்களை, பழைய கணக்கு ஒன்று இப்படி இன்னும் கட்டிப்போடுகிறது.

பெயரை வைத்து வேர் தேடும்போது

தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று மொரீஷியஸ் உறவைத் தேடினாலும், அங்கிருந்து ஒருவர் இங்கே வேர் தேடி வந்தாலும், கைக்கொள்ள வேண்டிய வழி ஒன்றுதான்: பின்னோக்கிப் போவது. முதலில் மொரீஷியஸ் சிவில் பதிவகத்தில் பெற்றோரின் பிறப்பு, திருமணச் சான்றுகள். அதிலிருந்து தாத்தா, அவர் அப்பா என்று ஒவ்வொரு படியாக ஏறி, குடிபுகுந்தவரின் எண் குறிப்பிட்ட ஆவணம் வரை போக வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இறங்கியதும் ஓர் எண் கொடுத்தார்கள். எண் கிடைத்துவிட்டால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் பதிவேடு திறக்கும்: பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடலில் அடையாளம், ஊர், கப்பல்.

எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரே கப்பலில் பத்து ராமசாமி, பதினைந்து முத்துசாமி. பிரெஞ்சுக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதிய எழுத்தர் ஆறுமுகத்தை ‘ஆர்மூகும்’ ஆக்கினார், குப்புசாமி ‘கூப்பூசாமி’ ஆனார், வீரப்பன் ‘வீராப்பேன்’ ஆனார். தந்தை பெயரை முதலெழுத்தாகப் போடும் நம் வழக்கம் அங்கே முடிந்து, வந்தவரின் அல்லது அவர் அப்பாவின் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. இன்று ஒருவர் குடும்பப் பெயராகச் சுமக்கும் ‘முனுசாமி’ ஐந்தாறு தலைமுறைக்கு முந்தைய ஒரு மனிதர்.

இன்னொரு முட்டுக்கட்டை தாய்வழியில் வரும். கோயிலில் தாலி கட்டிய திருமணத்தைச் சட்டம் நெடுங்காலம் ஏற்கவில்லை. பதிவு செய்யாத தம்பதியின் பிள்ளைகள் தாயின் பெயரில் பதிவானார்கள். ஆண்வழியில் போய்க்கொண்டிருக்கும் சங்கிலி திடீரென்று அறுந்ததுபோல் தெரிந்தால், பெரும்பாலும் அங்கே இருப்பது ஒரு பாட்டியின் பெயர். அந்தப் பாட்டிக்கும் தனி எண் உண்டு. அதை வைத்துத் தேடினால் போதும்.

ஊர் என்ற பத்தியில் ‘மதராஸ்’ என்று மட்டும் இருந்தால், அவர் கப்பல் ஏறிய துறைமுகத்தை எழுதியிருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். அவர் தஞ்சாவூர்க்காரராகவும் இருக்கலாம், ஆர்க்காட்டுக்காரராகவும் இருக்கலாம், தெலுங்கு பேசும் வடகோடி மாவட்டத்திலிருந்து நடந்து வந்தவராகவும் இருக்கலாம். அதே கப்பலில் அடுத்தடுத்த எண்கள் கொண்டவர்களின் பதிவுகளையும் எடுத்துப் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்தே புறப்பட்டிருப்பார்கள். அண்ணனுக்கு ஊர் எழுத விட்டுப்போனாலும் அடுத்த எண்ணில் தம்பிக்கு எழுதியிருக்கக்கூடும்.